நாலு குடம் என்று சொன்ன சந்து

மைசூரில் மண்டி மொஹல்லாவுக்குள் ஒரு முட்டுச் சந்தில் முப்பது வருஷத்துக்கு மேல் குடியிருந்தேன். ஒரு ஸ்கூட்டர் வந்தால் ஆள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். பதினெட்டு வீடு, ஒரே குழாய். அந்தக் குழாய் என் வாசலுக்கு நேராக இருந்தது. என் வீட்டுக்காரர் கட்டடங்களில் கலவை போடப் போவார். நான் வீட்டில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டுவேன். பிறந்தது தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கம், படித்தது ஐந்தாவது வரை. நாலு பேருக்கு முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கன்னடம் கடையில் கேட்டு வாங்குகிற அளவுக்கு வரும்.

தண்ணீர் காலை ஆறு மணிக்கு வரும். ஒன்றரை மணி நேரம் வந்தால் அன்றைக்கு நல்ல நாள். வீட்டுக்கு நாலு குடம் என்பது எங்கள் சந்தின் சட்டம். யார் போட்டார்கள் என்று தெரியாது, நான் குடி வரும்போதே இருந்தது. பதினெட்டு வீடும் நாலு நாலு பிடித்த பிறகும் குழாயில் தண்ணீர் வந்தால் அதற்குப் பெயர் மிச்சம். மிச்சத்தை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். அதை யாரும் கணக்கில் சேர்த்துப் பேசமாட்டார்கள். மிச்சம் பிடிக்கிறவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி போவாள், எதிரே வருகிறவளும் பார்க்காத மாதிரி போவாள். பக்கத்துச் சந்துக்காரர்கள் குடத்தோடு வந்து நின்றால், எங்களுக்கே நாலுதான் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வோம்.

வாசலில் உட்கார்ந்தே வேலை செய்வதால் வரிசை பார்க்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. வாயால் சொல்ல எனக்கு வராது. விரலில் எப்போதும் பத்தி மாவின் கரி இருக்கும். குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் வீட்டுக்கு ஒரு வரிசை என்று வைத்துக்கொண்டு, ஒரு குடத்துக்கு ஒரு கோடு இழுத்துவிடுவேன். மிச்சத்துக்குப் புள்ளி. இன்றைக்கு மிச்சத்தில் முதலில் பிடித்தவள் நாளைக்குக் கடைசியில் நிற்க வேண்டும், அதற்காகத்தான் புள்ளி. மறுநாள் வரிசை நின்றதும் பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாக இழுப்பேன். சண்டை வந்தால் சுவரைக் காட்டுவேன். புள்ளியை மட்டும் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஊரும் பக்கத்து டவுனும் சேர்ந்து ஒரே தண்ணீர்த் திட்டம் போடலாமா என்று பேச்சு வந்தது. இரண்டு ஊரும் தனித்தனியாக ஆற்றிலிருந்து ஏற்றிக்கொண்டிருந்தன. இரண்டு இடத்திலும் மோட்டார் பழசு, குழாய் பழசு. சேர்ந்து ஒரு பெரிய தொட்டி கட்டிப் பங்கு போட்டுக்கொண்டால் தெருக்குழாய் போய் வீட்டுக்கு வீடு குழாய் வரும் என்று எதிர்வீட்டுக்காரியின் புருஷன் பேப்பரைப் படித்துச் சொன்னார். எந்தத் தெருவுக்கு எவ்வளவு வேண்டும் என்று எழுத ஆள் வருவார்கள் என்றும் சொன்னார்.

எனக்கு அந்தக் குழாய் ரொம்ப வேண்டியிருந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். இனிமேல் குடம் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். வீட்டுக்காரர் விடியும் முன்னே வேலைக்குப் போய்விடுவார். பிறகு யார் தூக்குவது. அரைக் குடம் அரைக் குடமாகத் தூக்கினேன். சாயங்காலம் அடிவயிறு இழுக்கும். பத்தி உருட்டுகிற வீட்டில் கை கழுவவே இரண்டு குடம் போகும்.

எழுத வந்தவர் நடுவயதுக்காரர், கையில் அட்டை வைத்திருந்தார். முதலில் என் வாசலில்தான் நின்றார். ஒரு நாளைக்கு எத்தனை குடம் என்று கன்னடத்தில் கேட்டார். பின்னால் ஏழெட்டுப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நான் நாலு கரி விரலைக் காட்டினேன். அடுத்த வீட்டிலும் நாலு. அதற்கடுத்த வீட்டிலும் நாலு. பதினெட்டு வீடும் நாலு என்றே சொன்னது. எல்லோரும் பேசிவைத்துக்கொண்டீர்களா என்று அவர் சிரித்தார். நாங்கள் பேசிவைக்கவில்லை. அவ்வளவு பேர் முன்னால் எங்களுக்கு வேறு எண் வாயில் வராது.

ஒரு மாதம் கழித்து வார்டு மெம்பர் வீட்டிலிருந்து சேதி வந்தது. பக்கத்துத் தெருவுக்குப் புதுக் குழாய் உண்டு, எங்கள் சந்துக்கு இல்லை. பதினெட்டு வீட்டுக்கு எழுபத்திரண்டு குடம், அதற்கு இருக்கிற குழாயே போதும் என்று எழுதியாகிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் இரண்டு ஊர்க்காரர்களும் கூடுகிறார்கள், அத்தோடு லிஸ்ட்டை மூடிவிடுவார்கள் என்றார்கள்.

அன்று மத்தியானம் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நாலு கோட்டுக்கு அப்புறம் நாலு புள்ளியாவது இல்லாத வீடு ஒன்றுகூட இல்லை. எனக்கு நாலு புள்ளி. எதிர்வீட்டுக்காரிக்கு ஐந்து.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சோற்றுத் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. "தண்ணி விசயத்துல நாம வாயத் தொறக்கப்படாது புள்ள. அந்த வருசம் கதவச் சாத்திட்டு உக்காந்திருந்தத மறந்துட்டியா?" என்றார். நான் மறக்கவில்லை. காவேரித் தகராறு நடந்த அந்த நாட்களுக்குப் பிறகு தெருவில் தமிழ் பேசினால் குரல் தானாகத் தணிந்துவிடும். அவர் சொன்னதில் தப்பு இல்லை.

இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை போனேன். எதிர்வீட்டுக்காரி கூட வந்தாள். அவள் இந்த ஊரிலேயே பிறந்த தமிழ்ப் பெண், என்னைவிடச் சின்னவள், பேச்சில் பாதி கன்னடம் இருக்கும். அவளைப் பேசச் சொல்லலாம் என்று நினைத்துத்தான் கூட்டிப்போனேன். வழியில் புள்ளி விஷயத்தை எப்படி எடுப்பது என்று தெரியாமல் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் ஆண்கள் பெஞ்சில், நாங்கள் சுவரோரம். பேச்செல்லாம் பங்கைப் பற்றித்தான். எந்த ஊருக்கு எத்தனை பங்கு, செலவு யாருக்கு, தொட்டி யார் எல்லையில் என்று போய்க்கொண்டிருந்தது. பக்கத்து டவுன்காரர் ஒருவர் எங்கள் வார்டு லிஸ்ட்டை வாங்கிப் பார்த்தார். இவர்கள் ஊர் ஜனங்கள் ஒட்டகம் மாதிரி, நாலு குடத்தில் நாளை ஓட்டிவிடுகிறார்கள், அப்புறம் பெரிய பங்கு எதற்கு என்றார். கூட்டம் சிரித்தது. எழுத வந்த அந்த ஆபீஸரும் சிரித்தார்.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியாது. கன்னடத்தில் சொல்லத்தான் மனசில் அடுக்கி வைத்திருந்தேன். வாயில் தமிழ்தான் வந்தது.

"நாலு இல்லீங்க சார். எங்க சந்துல வூட்டுக்கு எட்டுக்குக் கொறையாதுங்க."

ஆபீஸருக்குத் தமிழ் புரிந்தது. "அப்ப அன்னிக்குப் பொய் சொன்னீங்களாம்மா?" என்றார்.

"பொய் இல்லீங்க. மிச்சத்த யாரும் கணக்குல சொல்ல மாட்டோமுங்க. செவுத்துல கெடக்குது, வந்து பாருங்க."

உட்கார்ந்துவிட்டேன். ஒருவரும் என் தமிழைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஏதாவது சொல்வார்களோ என்றுதான் நான் பயந்திருந்தேன். என்ன மிச்சம், என்ன சுவர் என்று அவர்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை ஆபீஸர் வந்தார். கோடு எது, புள்ளி எது என்று என்னிடம் கேட்டு, வீடு வீடாகச் சத்தமாக வாசித்துக்கொண்டே எழுதினார். இப்படி வாசிப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. பதினெட்டு வீட்டுப் பெண்களும் வாசலில் நின்று கேட்டார்கள். நாலோடு நிறுத்திக்கொள்கிறவர் என்று பெயர் எடுத்திருந்த கடைசி வீட்டு அம்மாவுக்கு ஆறு புள்ளி. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆபீஸர் போனதும் எதிர்வீட்டுக்காரி என் முன்னால் வந்து நின்றாள். "நீ சும்னே பத்தி உருட்டறேன்னு நெனச்சேன் அக்கா. எங்க மிச்சத்தையெல்லாம் எண்ணிட்டா இருந்தே?" என்றாள்.

மறுநாள் காலையில் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்திருந்தது. யார் அடித்தது என்று நான் கேட்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் என்னோடு யாரும் சரியாகப் பேசவில்லை. மிச்சத் தண்ணீர் பிடிக்க எனக்கே கூச்சமாக இருந்தது, நாலோடு நிறுத்தினேன். கரிக் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போவேன்.

இரண்டு ஊரும் சேர்கிற பேச்சு அந்த வருஷமே நின்றுபோனது. பங்கில் ஒத்துவரவில்லை, பக்கத்து டவுன் தனியாகவே பார்த்துக்கொள்கிறது என்றார்கள். அவ்வளவு கெட்ட பேரும் வீணாகப் போயிற்று என்று நினைத்தேன். ஆனால் எழுதின லிஸ்ட்டை யாரும் கிழித்துப் போடவில்லை போலிருக்கிறது. இரண்டு வருஷம் கழித்து எங்கள் ஊர் மட்டும் புதுக் குழாய் போட்டபோது அதே லிஸ்ட்டைத்தான் கையில் வைத்திருந்தார்கள்.

பள்ளம் வெட்டுகிறவர்கள் சந்து முனைக்கு வந்து நின்றார்கள். மேஸ்திரி காகிதத்தைப் பார்த்து, எட்டுக் குடச் சந்து இதுதானா என்று கன்னடத்தில் கேட்டார். நான் வாசலில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். தலையை ஆட்டினேன்.

எதிர்வீட்டுக்காரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "தலைய ஆட்டினா அவருக்கு எப்படித் தெரியும். அன்னிக்கு அத்தனை ஆம்பளைங்க முன்னாடி வந்த வாய் எங்கே போச்சு அக்கா?" என்றாள்.

இதுதான், எட்டுக்குக் குறையாது என்று சொன்னேன். அவர் கடப்பாரைக்காரர்களைச் சந்துக்குள் கூப்பிட்டார்.