வளைவில் பெயர் சொல்வது

அலமாரியின் மேல்தட்டில், பழைய வினாத்தாள்களுக்கு அடியில் அந்தக் கைக்கடிகாரம் கிடந்தது. பழைய மாணவர்கள் சேர்ந்து பாடசாலைக்கு வாங்கிக் கொடுத்தது. ஓடுபவர் கையில் கட்டினால், அவர் எங்கே ஓடுகிறார் என்பதை என் போனில் ஒரு சிவப்புப் புள்ளியாகக் காட்டும். போன வாரம் வரை அதைத் தொட எனக்குத் துணிவு வரவில்லை.

பதுளை மலைப்பக்கம் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே உள்ள எங்கள் பாடசாலையில் நான் கணினி கற்பிக்கிறேன். அங்கே விளையாட்டுப் பயிற்சியாளராக ஒரு சேர் இருந்தார். மைதானத்தின் மறுகோடி வளைவு காலையில் எப்போதும் பனிக்குள்தான் இருக்கும். அங்கே ஓடும் பிள்ளை கண்ணுக்குத் தெரியாது. அதனால் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வளைவுக்கு வந்ததும் ஒவ்வொருவரும் தம் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும், ஓட்டம் தொடங்கும் கோட்டில் நிற்கும் அவர், "கேட்டுச்சு!" என்பார். வேலைக்குப் போகுமுன் தோட்டத்தில் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டைக் கண்டு வளர்ந்தவர். இதையும் பெரட்டு என்றே சொல்வார். பெயர் வராவிட்டால் விசிலை ஊதிக்கொண்டு அவரே பனிக்குள் ஓடுவார்.

எனக்கு அது சுத்தப் பத்தாம்பசலித்தனமாகப் பட்டது. கடிகாரம் வந்த பிறகு ஆசிரியர் அறையில் தினமும் இதே வம்புதான். "புள்ளி ஓடுறது சரி டீச்சர், புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு புள்ளி சொல்லுமா?" என்று சிரிப்பார். நான் விடவில்லை. கடைசியில், "சரி, மொதல்ல நானே கட்டிப் பாக்குறேன். சரிவந்தா பெரட்ட நிப்பாட்டிருவோம்," என்றார்.

அன்று அவர் ஓடினார். நான் பிள்ளைகளோடு கோட்டில் நின்றேன். அவர் பனியில் மறைந்து சிறிது நேரத்தில் காலடிச் சத்தம் நின்றுபோனது. "டீச்சர், சேர் பேரு சொல்லலயே," என்றாள் ஒரு சிறுமி. நான் போனைக் காட்டினேன். புள்ளி வளைவைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. "இந்தா வர்றாரே," என்றேன். தோற்றுப்போன எரிச்சலில் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு வருகிறார் என்று உள்ளுக்குள் சிரித்தும் கொண்டேன். புள்ளி நிதானமாக வந்து, நான் நின்ற இடத்திலேயே நின்றது. எதிரே பனி மட்டும்தான் இருந்தது.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் வளைவில் குப்புற விழுந்து கிடந்தார். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியில் உயிர் போய்விட்டது. மலை மறைக்கும் இடத்தில் கருவி தடுமாறும், ஓடிய வேகத்தை வைத்துத் தானாக ஊகிக்கும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கினேன். வளைவைத் திரும்பி என் காலடி வரைக்கும் அது ஏன் வந்தது என்பதற்கு மட்டும் என்னிடம் விளக்கம் இல்லை. பெயர் வராத அந்தக் கணமே ஓடியிருந்தால் அவரைக் காப்பாற்றியிருப்பேனோ? இந்தக் கேள்வி என்னைத் தூங்க விடுவதில்லை.

இப்போது பயிற்சியையும் நானே பார்க்கிறேன். அவருடைய விசில் என் கழுத்தில் இருக்கிறது. பெரட்டை நிறுத்தவில்லை. போன வாரம் கடிகாரத்துக்குச் சார்ஜ் ஏற்றிக் கையில் கட்டிக்கொண்டேன். போனை அதே சிறுமியிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். வளைவில், அவர் சொல்லாமல் விட்ட பெயரை அவருக்காக நான் சொன்னேன். "கேட்டுச்சு!" என்று பிள்ளைகளின் குரல் வந்தது.

மூச்சிரைக்கக் கோட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவள் போனை நீட்டினாள்.

"டீச்சர், நீங்க வந்துட்டீங்க. புள்ளி இன்னும் வளைவுலயே நிக்குது."

நான் விசிலை ஊதிக்கொண்டு மறுபடியும் பனிக்குள் ஓடினேன்.