மதகில் நின்ற பஸ்

மதியம் ஒரு மணிக்கு மன்னார்குடி பேருந்து நிலையத்தில் ஏறினேன். கூத்தாநல்லூர் போகும் டவுன் பஸ். எனக்குப் பத்து ரூபாய் டிக்கெட், பெண்களுக்குக் கட்டணமில்லை. சென்னையிலிருந்து வந்த களைப்பிலும் உட்கார மனம் வரவில்லை. இது எங்கள் ஊர்ப் பெண்கள் கேட்டு வாங்கிய பஸ்!

சும்மா கிடைத்துவிடவில்லை. முன்பெல்லாம் மாலை ஐந்துக்குத்தான் பஸ். நடவு வேலையோ மதியத்தோடு முடிந்துவிடும். அந்த நேரத்தைக் குறித்த புண்ணியவான் வயல் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை போலும். வெளியூர் நடவுக்குப் போன பெண்கள் சரக்கு ஆட்டோவில் மூட்டையோடு மூட்டையாகத் திரும்பினார்கள். நடவுக் குழுவை நடத்தும் வசந்தா அக்கா விடாமல் அலைந்தார். பஸ்ஸை மதியத்துக்கும், நிறுத்தத்தை மெயின் ரோட்டிலிருந்து வாய்க்கால் மதகுக்கும் மாற்ற வைத்தார். இன்று சோதனை ஓட்டம். பார்வையிட ஓர் அதிகாரி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஆள் ஏறாவிட்டால் பழையபடி ஐந்து மணிதான்.

ஒன்றரைக்கு மதகில் பஸ் நின்றது. ஈ காக்கை இல்லை.

"யாரையும் காணோமே. கிளம்பலாம்" என்றார் அதிகாரி. கண்டக்டர் தயக்கத்தோடு விசிலை வாயில் வைத்தார்.

"அண்ணே, போயிடாதீங்க! கால் கழுவிட்டு வர்றோம்!"

குரல் கரைக்குக் கீழிருந்து வந்தது. எட்டிப் பார்த்தேன். வாய்க்காலில் வரிசையாக நின்று பெண்கள் கைகால் சேற்றைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சேற்றுக் காலோடு பஸ்ஸில் ஏறக்கூடாது என்று அவர்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடாம்.

"கேட்டு வாங்குன வண்டி சார். நாமளே அழுக்காக்கலாங்களா?" என்றபடி வசந்தா அக்கா முதலில் ஏறினார். பின்னாலேயே ஈரக் கால்களும் சிரிப்புமாக மற்றவர்கள். ஒரு சீட்டு பாக்கியில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், "எங்க ஊருங்க" என்று கேட்காமலே சொன்னேன்.

அதிகாரி எழுந்து அக்காவுக்கு இடம் கொடுத்தார். "இந்த நேரத்தையே நிரந்தரமாக்கச் சொல்லிடறேம்மா. நாளைக்கும் இதே மதகுதானே?"

"அதெப்படிங்க சார்? இந்த வயல்தான் நட்டு முடிஞ்சிடுச்சே. நாளைக்கு அடுத்த மதகு. நடவு எங்கயோ அங்கதான் பஸ் நிக்கணும்."

அதிகாரி டிரைவரைப் பார்த்தார். "நிறுத்திட்டாப் போச்சு சார்" என்று சிரித்தார் டிரைவர்.

சென்னையில் எனக்குக் குளுகுளு மெட்ரோ இருக்கிறது. நாளைக்கு எங்கே நிற்கட்டும் என்று அது என்னை ஒருநாளும் கேட்டதில்லை. ஊருக்குள் இறங்கும்போது கண்டக்டர் அக்காவிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.