தம்பியின் பனியும் என் பனியும்

அம்மாவின் கைப்பேசியைத் திறந்தால் முதலில் தெரிவது ஒரு சிவப்புக் கோட்டு. அதற்குள் அம்மா இருக்கிறாள். காலுக்குக் கீழே பனி, கையில் பனிச்சறுக்குக்காரர்கள் ஊன்றுகிற கோல், பக்கத்தில் எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டு என் தம்பி. அவன் மெல்பர்னில் இருக்கிறான். அம்மா பார்க்கப் போயிருந்தபோது விடியும் முன்பே காரில் ஏற்றி, எங்கேயோ தூரத்தில் இருக்கும் மலை வரை ஓட்டிப் போய், சறுக்கி விளையாடிவிட்டு, அன்றைக்கே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்களாம்.

இந்தக் கதையைக் கேட்காதவர்கள் ஜார்ஜ் டவுனில் குறைவு. எங்கள் ஃபிளாட்டுக்கு அடுப்பு கேஸ் தோங் தூக்கி வரும் சீனப் பெரியவர் கேட்டிருக்கிறார். கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்க்கும் மலாய்ப் பெண் கேட்டிருக்கிறாள். கோயிலில் பிரசாத வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் தப்ப முடியாது. "ஒரே நாள்லா! காலையில போயி ராத்திரி வந்துட்டோம். என் சின்னவன்தான் காடி ஓட்டுனான். ஒரு கொட்டாவிகூட விடல."

கேஸ் தோங்கை உருட்டி உள்ளே வைத்தவன் நான். கிளினிக்குக்குக் கூட்டிப் போனவன் நான். கோயிலுக்கு வெளியே செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றவனும் நான்தான். அந்தக் கைப்பேசியில் பெரியவனான எனக்கு ஒரு படம் கிடையாது. பொய் சொல்லக்கூடாது, ஒன்று உண்டு. மாத்திரை டப்பாவின் பெயரைப் படம் பிடித்தபோது என் கட்டைவிரல் விழுந்திருக்கிறது.

பொறாமை என்று என் மனைவி சொல்வாள். நான் மறுக்க மாட்டேன். வயிறு பற்றி எரிந்தது. பத்து காவானில் இருக்கும் தொழிற்சாலைக்குத் தினமும் கடல் பாலத்தில் போய்த் திரும்புகிறேன், அதை யாரும் கதையாகச் சொல்வதில்லை. அவன் ஒரு நாள் ஓட்டியதற்கு ஊர் முழுக்கப் பேர்.

அந்தச் சமயத்தில்தான் கூட வேலை செய்கிற ஒருவர், கோலாலம்பூர்ப் பக்கம் ஒரு கட்டடத்துக்குள்ளேயே பனி கொட்டி வைத்திருப்பதைக் கைப்பேசியில் காட்டினார். சின்னதாக ஒரு சரிவு உண்டு, காலில் பலகை கட்டிச் சறுக்கலாம் என்றார். அன்று சாப்பாட்டு நேரத்தில் வரைபடத்தில் தூரம் பார்த்தேன். எங்கள் வீட்டிலிருந்து அந்தக் கட்டடம் வரை. பிறகு, தம்பி வீட்டிலிருந்து அந்த மலை வரை. என்னுடையதுதான் அதிகம். அதற்கப்புறம்தான் சோறு இறங்கியது.

"சனிக்கிழமை பனிக்குப் போறோம்மா. ஒரே நாள்ல போயிட்டு வந்துடலாம்."

"ஒரே நாள்லயா? உனக்கு முடியுமாடா?"

"ஏன், அவன் மட்டும்தான் ஓட்டுவானா?"

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இது பனிக்குப் போற மாதிரி தெரியலங்க. பந்தயத்துக்குப் போற மாதிரி இருக்கு."

எனக்கு வேண்டியது பனியில்லை. யாராவது ஒரே ஒரு ஆளிடம், ஒரே ஒரு தடவை, "என் பெரியவன் கூட்டிட்டுப் போனான்" என்று அம்மா சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் அம்மா ஏறினாள். தம்பியின் காருக்கும் வைத்தாயா என்று கேட்டேன். அங்கே மறந்துவிட்டதாம். பாலம் இறங்கி புக்கிட் மெர்தாஜாமைத் தாண்டுவதற்குள் தம்பி ஊர்ப் பெருமையை ஆரம்பித்துவிட்டாள். அங்கே ரோட்டோரம் செம்மறியாடு மேயும். அங்கே யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள். என்னிடம் காட்டுவதற்குச் செம்பனைதான் இருந்தது, அதற்குப் பின்னாலும் செம்பனை. ஈப்போவுக்கு முன்னால் நிறுத்தி, மனைவி கட்டிக்கொண்டு வந்த நாசி லெமாக்கைப் பிரித்துப் பசியாறினோம்.

"சின்னவன் எங்கயும் நிறுத்தவே இல்லடா."

"உன்னப் பட்டினி போட்டுக் கூட்டிட்டுப் போயிருக்கான். அதையும் கோயில்ல சொல்லு."

மறுபடி கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் எனக்குக் கொட்டாவி வந்தது. வாயைத் திறக்காமல் அப்படியே விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள்.

பனிக் கட்டடத்தில் வாடகைக்குக் கோட்டுக் கொடுத்தார்கள். சிவப்பு இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டேன். நீலம்தான் இருந்தது, அதிலும் யாருடைய வியர்வையோ வீசியது. கதவைத் தள்ளி உள்ளே போனதும் குளிர் மூக்கைப் பிடித்தது. அம்மா குனிந்து ஒரு பிடி பனியை அள்ளி நசுக்கிப் பார்த்தாள்.

"கடையில சீவிக் குடுக்குற ஐஸ் கச்சாங்டா இது. சிரப்புதான் ஊத்தல."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. இவ்வளவு தூரம் ஓட்டி வந்தது இதைக் கேட்கவா? ரோஷத்தில் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு சரிவின் மேலே போய் நின்றேன். சறுக்கினேன் என்று சொல்ல முடியாது. பலகை ஒரு பக்கம் போனது, நான் இன்னொரு பக்கம் போனேன், கீழே நின்ற சீனப் பிள்ளைகளின் காலடியில் மல்லாந்து கிடந்தேன். அம்மா சிரித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தாள். பிறகு அவளாகவே ஒரு ரப்பர் வளையத்தில் ஏறி உட்கார்ந்து, "தள்ளுடா" என்றாள். கத்திக்கொண்டே இறங்கினாள். இறங்கியதும் மறுபடி வரிசைக்கு ஓடினாள்.

மூன்றாவது தடவை இறங்கி வந்தவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "அங்க நான் படத்துக்கு மட்டும்தான்டா இறங்குனேன். காத்து காத அறுத்துச்சு. மத்த நேரமெல்லாம் காடிக்குள்ளயே உக்காந்துட்டேன்."

எனக்கு லாட்டரியில் நம்பர் அடித்த மாதிரி இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். "சனிக்கிழமை வீடு பூட்டியே கெடந்துச்சே, எங்க போனீங்க?"

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கே.எல்.ல ஒரு வேலை இருந்துச்சு, போயிட்டு வந்தோம். ஒரே இடுப்பு வலி" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுக் கைப்பேசியைத் திறந்து சிவப்புக் கோட்டைக் காட்டினாள். "இது பாத்தியா, என் சின்னவன்..."

அக்கா போகும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். "ஏம்மா, வளையத்துல ஏறி ஏறிக் கத்துனியே, அதுக்குப் பேரு வேலையா?"

"சத்தம் போடாதடா. பக்கத்துல இருக்குற புள்ளயப் பத்தி ஊருக்குச் சொன்னா கண்ணு படும். அவன் கடலுக்கு அந்தாண்ட இருக்கான். ஊர்க் கண்ணு கடல் தாண்டாது."

"அப்ப என் படம்?"

"எதுக்குடா படம்? கண்ணு முன்னாடிதான நிக்கிற."

கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

செவ்வாய்க்கிழமை தம்பி கூப்பிட்டான். மறுபடி சறுக்கப் போன இடத்தில் விழுந்து முழங்கால் திருகிக்கொண்டதாம், கட்டுப் போட்டிருக்கிறதாம். அம்மா பதறிப்போய் உட்கார்ந்துவிட்டாள். நான் கைப்பேசியை வாங்கினேன். "ஐயோ, பாத்து இருடா" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "அப்ப இந்த வருசம் பனிக்குப் போக முடியாதா?" என்றும் கேட்டேன். குரலில் என்ன இருந்ததோ, அம்மா திரும்பி என் முகத்தையே பார்த்தாள்.

சாயங்காலம் என்னைக் கிழக்கே பார்த்து உட்காரச் சொன்னாள். கைப்பிடிக்குள் உப்பும் காய்ந்த மிளகாயும். எனக்குச் சுத்திப் போடப் போகிறாள், தம்பிக்கு அடிபட்ட நாளிலும் என்னைத்தான் நினைத்திருக்கிறாள் என்று நெஞ்சு நிறைந்தது. அப்போது தம்பி முகம் தெரிகிற மாதிரி கைப்பேசியை என் மடியில் வைத்தாள். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

"ஊருக் கண்ணு, ஒறவுக் கண்ணு, நாய்க் கண்ணு, நரிக் கண்ணு..."

"கண்ணு கடல் தாண்டாதுன்னு சொன்னியேம்மா?"

"ஊருக் கண்ணு தாண்டாது. கூடப்பொறந்த கண்ணுக்குப் பாஸ்போர்ட்டு வேணுமா?" கையை என் வாயருகே நீட்டினாள். "துப்புடா."

துப்பினேன். மூன்று தடவை.

மிளகாயைச் சும்மா வறுத்தாலே எங்கள் ஃபிளாட்டில் மாடி முழுக்க இருமும். கண்ணு பட்டிருந்தால் மட்டும் நெடி வராது என்பது அம்மாவின் நம்பிக்கை. மனைவி இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்து எல்லாவற்றையும் அதில் கொட்டினாள். உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் சிவந்து, கறுத்து, புகைந்தது. மூன்று பேரும் சட்டியைச் சுற்றி நின்றோம்.

நான் மூச்சை நன்றாக உள்ளே இழுத்துப் பார்த்தேன். இருமலே வரவில்லை.