டிலானியின் குளிசைப் போத்தல்

எங்கள் வங்காலைச் சேமக்காலை மண்ணுக்குள் எனக்கு இரண்டு பிள்ளைகள் கிடக்கிறார்கள். ஒன்று ஏழாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே போனது. மற்றது பிறந்து ஒரே ஒரு நாள் இருந்தது. இரண்டு முறையும் காரணம் பிறசர், இரத்த அழுத்தம்தான். மூன்றாவது முறை நான் கர்ப்பமானபோது எனக்கு முப்பத்தேழு வயது. மிட்வைஃப் மிஸ்ஸி என் கிளினிக் அட்டையின் மேல் மூலையில் சிவப்புப் பேனையால் ஒரு கோடு போட்டார். ஆபத்தான கர்ப்பம் என்பதற்கு அதுதான் அடையாளம். வீட்டுக்கு வந்து, "ஆண்டவரே, இதையும் எடுக்கப் போகிறீர் என்றால் என்னையும் சேர்த்து எடும்" என்று அழுதேன்.

அன்பானவர்களே, அவர் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் நான் செய்ததையும் சொல்லாவிட்டால் இது அரைகுறைச் சாட்சியாகிவிடும். அதைக் கேட்டு உங்களுக்கு என்மேல் கோபம் வரலாம். வரட்டும்.

என் பெயர் ஜெசிந்தா. நான் தையல்காரி. கோயிலில் முதல்நன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைக்க வேண்டுமென்றால் ஊரில் பாதிப்பேர் என்னிடம்தான் வருவார்கள். பதினாறு வருடமாக மற்றவர்களின் பெண்பிள்ளைகளுக்கு நான் அளவெடுக்கிறேன். "வடிவா இருக்கு" என்று வாய் சொல்லும். உள்ளே வயிறு பற்றி எரியும். யாராவது தாய்மார் "எங்கட பிள்ளைக்கு இடுப்பு பெருத்திட்டுது" என்று பெருமையாகச் சலித்துக்கொண்டால், ஊசியால் குத்தலாமா என்று இருக்கும். எனக்குப் பொறாமை புதிதல்ல. ஆனால் டிலானி வந்த பிறகுதான் அது முழுநேர வேலையானது.

டிலானி என் கணவரின் தம்பியின் மனைவி. கீரிக் கிராமத்திலிருந்து வாழ வந்தவள். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு வேலிதான். அவளுக்கும் முதல் பிரசவத்தில் பிறசர் ஏறியது. ஆனால் அவளுடைய மகன் பிழைத்துக்கொண்டான். நான்கு வயதில் என் தையல் மெசினின் சில்லைச் சுற்றி விளையாடுவான். நான் கர்ப்பம் என்று வீட்டில் சொன்ன மூன்றாம் கிழமை அவளும் வந்து தான் கர்ப்பம் என்று சொன்னாள். என் சந்தோசத்தை ஒரு மாதமாவது தனியாக வைத்திருக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் மன்னார் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. எங்களைப் போன்ற ஆபத்தான கர்ப்பிணிகளுக்கு, வழமையான மருந்துகளோடு இன்னொரு குளிசை மாத்திரையும் கொடுத்தால் பிறசர் வராமல் தடுக்கலாமா என்று பார்க்கிற ஆய்வு. அதற்குப் பொறுப்பாக இருந்தவர் முசலிப் பக்கத்து டொக்டர் ஸப்ரா. எங்கள் இரண்டு பேரையும் கதிரையில் இருத்தி ஆறுதலாக விளங்கப்படுத்தினார். பாதிப் பேருக்கு உண்மையான குளிசை. மற்றப் பாதிக்கு அதே மாதிரி இருக்கிற வெறும் குளிசை. யாருக்கு எது என்பதைக் கணினி சீட்டுக் குலுக்குவதுபோல் தீர்மானிக்கும். போத்தலில் ஓர் இலக்கம் மட்டும் இருக்கும்.

"உங்களுக்காவது தெரியும்தானே டொக்டர்?" என்று கேட்டேன்.

"எனக்கும் தெரியாது. தெரிஞ்சா உங்கட முகத்தைப் பாக்கேக்க எனக்கே ஒரு நினைப்பு வந்திடும். பிறகு ஆய்வு பிழைச்சுப் போயிடும்" என்றார். "விருப்பமில்லாட்டி இப்பவே சொல்லுங்கோ. என்ன எண்டாலும் உங்கட வழமையான வைத்தியம் குறையாது."

இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் போத்தல் கிடைத்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுடைய போத்தலின் இலக்கத்தையும் என்னுடையதையும் மாறி மாறிப் பார்த்தேன். அவளுடையது சின்ன இலக்கம். முதலில் வந்தவர்களுக்குத்தானே நல்லதைக் கொடுத்திருப்பார்கள் என்று மனம் கணக்குப் போட்டது.

மாதங்கள் போகப் போக என் கணக்கு சரி என்றே பட்டது. எனக்குக் கால் வீங்கியது. அவளுக்கு வீங்கவில்லை. எனக்கு ஒவ்வொரு கிளினிக்கிலும் பிறசர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. அவளுக்கு அசையவில்லை. நான் உப்பில்லாமல் கஞ்சி குடித்தேன். அவள் கருவாட்டுக் குழம்பை வழித்து வழித்துச் சாப்பிட்டாள். என் கணவரின் அம்மா, எங்கள் மாமி வேறு, "டிலானியைப் பாருங்கோ, வயித்தில பிள்ளை இருக்கெண்டே தெரியேல்ல. என்ன சுறுசுறுப்பு!" என்று என் காது படச் சொல்வார். எனக்குச் செபமாலை உருட்டும்போதுகூட அந்தப் போத்தல்தான் கண்ணுக்குள் நின்றது. மாதாவின் தாயான புனித ஆனாளின் சுருபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: "தாயே, பிள்ளையில்லாமல் நீர் எத்தனை வருடம் அழுதீர். உமக்குத்தான் என் வேதனை விளங்கும். அவளுடைய போத்தலை எனக்குத் தாரும்."

யூலை மாதம் ஒரு நாள் காலை டிலானியின் வீட்டுக்குப் போனேன். அவள் கிணற்றடியில் மகனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். "அக்கா, உள்ளுக்கு இருங்கோ, வாறன்" என்று குரல் கொடுத்தாள். போத்தல் அலுமாரிக்கு மேலே இருந்தது. என்னுடையது என் பையில். ஒவ்வொரு கிளினிக்கிலும் மிச்சக் குளிசைகளை எண்ணுவார்கள் என்று தெரியும். இரண்டையும் எண்ணினேன். ஒரே எண்ணிக்கை. அதைக்கூடத் தாயார் செய்த புதுமை, அற்புதம் என்று எடுத்துக்கொண்டேன் என்றால் பாருங்கள். சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, அவளுடைய குளிசைகளை என் போத்தலிலும் என்னுடையவற்றை அவளுடைய போத்தலிலும் கொட்டினேன். பிறகு கதிரையில் இருந்து அவள் போட்டுத் தந்த தேத்தண்ணியையும் குடித்தேன்.

அன்று தொடங்கி நான் வேறு ஆளானேன். நல்ல மருந்து கிடைத்துவிட்டது என்ற துணிவு. உப்புக் கட்டுப்பாட்டை விட்டேன். தலையிடி வந்தது, வெயிலென்று நினைத்தேன். விரல்கள் வீங்கி மோதிரம் கழன்று வரவில்லை; பிள்ளை வளர்கிறது என்று நினைத்தேன். ஒரு நாள் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கண்ணுக்கு முன்னால் புள்ளிகள் பறந்தன. வயது போகிறது என்று சிரித்துக்கொண்டேன். அடுத்த கிளினிக் இன்னும் பத்து நாளில் இருந்தது. அதற்கு முன்னால் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

புனித ஆனாளின் திருநாளுக்கான ஒன்பது நாள் செபம், நவநாள், தொடங்கியது. கோயிலில் டிலானி எனக்குப் பக்கத்தில் வந்து இருப்பாள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, ஒண்டு சொன்னாக் கோவிக்க மாட்டீங்களே? இந்த நவநாள் முழுக்க நான் உங்கட பிள்ளைக்குத்தான் ஒப்புக்குடுக்கிறன். எனக்கு ஒரு மகன் இருக்கிறான்தானே."

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நல்லவளாக இருப்பதிலும் இவள் என்னை முந்திவிட்டாளே என்றுதான் எரிந்தது.

திருநாளுக்கு முந்தின நாள் காலை. கோயில் கொடிமரத்தடியில் ஆட்கள் வேலையாக இருந்தார்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நீண்டிருந்தது. நான் நேரே வீட்டுக்குப் போகலாம் என்றுதான் நின்றேன். அப்போது டிலானி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"காலைப் பாருங்கோ அக்கா. ராத்திரியில இருந்து வீங்கிக் கிடக்கு. செருப்புப் போடேலாம இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

அந்தக் கால்களைப் பார்த்தேன். என் வயிற்றில் பிள்ளை ஒரு உதை உதைத்தது. இவளுடைய பிள்ளையையும் சேமக்காலைக்கு அனுப்பப் போகிறேனா? எனக்கு அந்த மண் தெரியும். அந்தச் சின்னப் பெட்டியின் பாரம் தெரியும். அது இவளுக்கு வரக் கூடாது. அந்த நிமிடம்தான் முதல்முறையாக நான் ஒழுங்காகச் செபித்தேன். "ஆண்டவரே, அவளுடைய பிள்ளையைக் காப்பாற்றும்." என் பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வேறு எதுவும் வாயில் வரவில்லை.

வரிசையில் நிற்காமல் நேரே பாதரிடம் போய் முழங்காலில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

"பிள்ளை, நான் பாவமன்னிப்புத் தாறன். ஆனா பிறசர் பாக்க எனக்குத் தெரியாது. டொக்டரும் அந்தப் பிள்ளையும் இதை அறிய வேணும். திருநாள் முடியட்டும் எண்டு இருக்காதேயும். இப்பவே போம். அதுதான் உமக்கு நான் தாற தவமுயற்சி."

ஓட்டோ பிடித்து டிலானியை ஏற்றிக்கொண்டு மன்னாருக்குப் போனேன். பாலம் தாண்டும்போது அவள் என் கையைப் பிடித்து, "நீங்கள் இல்லாட்டி நான் தனிய வந்திருக்க மாட்டன் அக்கா" என்றாள். நான் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டொக்டர் ஸப்ராவின் அறையில், டிலானிக்கு முன்னாலேயே சொன்னேன். எப்போது மாற்றினேன், எப்படி மாற்றினேன், ஏன் மாற்றினேன், எல்லாம். டிலானி எழும்பி நின்றுவிட்டாள்.

"என்ர பிள்ளையின்ர மருந்தையா அக்கா? நான் குடுத்த தேத்தண்ணியைக் குடிச்சிட்டா?"

டொக்டரின் முகமும் சிவந்திருந்தது. ஆனால் அவர், "கோவப்படுறது பிறகு. ரெண்டு பேரும் கையை நீட்டுங்கோ" என்று பட்டியைச் சுற்றினார்.

டிலானியின் பிறசர் சரியாக இருந்தது. சிறுநீரைச் சோதித்தார்கள். பிள்ளையின் துடிப்பைப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. திருநாள் சமையலுக்கு இரண்டு நாள் நின்ற வீக்கம்தான். பிறகு என் கையில் பட்டியைச் சுற்றினார். ஒருமுறை பார்த்தார். திரும்பவும் பார்த்தார். அடுத்த கையிலும் பார்த்தார்.

"தலையிடி இருக்கா? கண்ணில புள்ளி தெரியுதா?"

"ஓம்."

"எவ்வளவு நாளா?"

"பத்து நாளா."

அவர் கதவைத் திறந்து மிஸ்ஸியைக் கூப்பிட்ட குரலில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இன்னும் ஒரு நாள் வீட்டில் இருந்திருந்தால் வலிப்பு வந்திருக்கும், இரண்டு உயிரும் போயிருக்கும் என்று பிறகு சொன்னார். என்னைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். என் தோட்டையும் கிளினிக் அட்டையையும் யாரோ வாங்கிக்கொண்டார்கள். பார்த்தால் டிலானி. முகம் கல்லாக இருந்தது. ஆனால் அவள்தான் என் கணவருக்கு அழைப்பு எடுத்தாள். அவள்தான் சத்திரசிகிச்சை அறையின் வாசலில் இருந்தாள்.

அன்று மாலை, எங்கள் ஊரில் திருநாள் வேஸ்பர் ஆராதனைக்கு மணி அடித்திருக்கும் நேரம், என் மகள் பிறந்தாள். இரண்டு மாதம் முந்தி. என் உள்ளங்கை நீளத்துக்கு முதுகு. முதலில் சத்தமில்லை. மூன்றாவது முறையுமா என்று நான் கண்ணை மூடினேன். பிறகு ஒரு கீச்சுக் குரல். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் டொக்டர் ஸப்ரா. நான் "ஆமென்" என்றேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் பல கிழமைகள் கிடந்தாள். ஒரு நாள் டிலானி பார்க்க வந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வாசல்ல இருந்து அண்டைக்கு முழுச் செபமாலையும் சொன்னனான். கோவத்தோடதான் சொன்னனான். எண்டாலும் சொன்னனான்." செப்டெம்பரில் அவளுக்கும் மகள் பிறந்தாள், குறையேதும் இல்லாமல்.

ஆய்வு முடிந்ததும் யார் யாருக்கு எந்தக் குளிசை என்று கடிதம் வந்தது. உண்மையான குளிசை எனக்குத்தான் வந்திருந்தது. வெறும் குளிசை டிலானிக்கு. ஆண்டவர் கேட்காமலே என் கையில் தந்திருந்ததைத்தான், அவளுக்குத் தந்துவிட்டார் என்று பொறாமைப்பட்டு, நானே அள்ளி அவளுடைய போத்தலில் கொட்டியிருக்கிறேன். டொக்டரைக் கேட்டேன், மாற்றிக் குடித்த அந்தப் பதின்மூன்று நாளால்தான் எனக்கு அப்படி ஆனதா என்று. "ஒரு ஆளை வைச்சு அப்பிடிச் சொல்லேலாது ஜெசிந்தா. சொல்லலாம் எண்டா எங்களுக்கு ஆய்வுக்கு ஏன் இவ்வளவு தாய்மார்? உங்கட ரெண்டு பேர்ட விசயத்தையும் நடந்தபடியே எழுதி வைச்சிருக்கிறன்" என்றார். தனக்குத் தெரியாது என்று சொல்ல அவருக்கு வெட்கமே இல்லை.

கடிதத்தைக் கொண்டுபோய் டிலானியிடம் காட்டினேன். வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்ப பாருங்கோ அக்கா, நான் இந்தக் குடும்பத்துக்கு வந்த காலம் தொட்டு, நீங்களா எனக்குத் தந்த ஒரே நல்ல சாமான் அதுதான்."

நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

என் செபத்துக்கு ஆண்டவர் எப்படிப் பதில் தந்தார் என்று கேட்கிறீர்களா? அவளுடைய போத்தலைக் கேட்டேன். அது என்னைச் சாவின் வாசலுக்குக் கொண்டுபோனது. அவளுடைய பிள்ளைக்காகக் கேட்டேன்; அதில் என் பிள்ளையும் பிழைத்தது. கர்ப்பமாக இருக்கிற சகோதரிகளே, செபியுங்கள், ஆனால் தலையிடி வந்தால் செபித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மனதில் எரிச்சல் உள்ளவர்களே, அதை உள்ளே வைத்துப் பூட்டாதீர்கள். ஆண்டவரை நம்பி வெளியே சொல்லுங்கள். அவர் பார்த்துக்கொள்வார்.

நான் முற்றாகக் குணமாகிவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். செபமாலை மாதமான இந்த ஒக்ரோபரின் முதல் கிழமை டிலானியின் மகள் நான்கு அடி நடந்தாள். என் மகள் இவளுக்கு மூத்தவள், இன்னும் தவழ்கிறாள். ஆண்டவர் கற்றுத்தந்தபடி உடனே வேலிக்கருகில் போய்ச் சொன்னேன்: "டிலானி, எனக்குப் பொறாமையா இருக்கு."

"எனக்குத் தெரியும் அக்கா" என்று சொல்லி, தன் மகளை வேலிக்கு மேலால் தூக்கி என் கையில் தந்தாள்.