களத்து மூலையில் துருக்கி

அத்தை அப்பாவுக்குக் கடைசித் தங்கை. ஏற்காட்டில் ஒரு லாட்ஜின் சமையலறையில் வேலை பார்த்தாள். துருக்கியில், கடலோரத்து ஹோட்டல் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைக்கும்போல் இருந்தது. மலைமேல் எங்கள் ஊரான மஞ்சக்குட்டையிலிருந்து சேலத்துக்கு இறங்குவதையே பயணம் என்று சொல்லும் குடும்பம் எங்களுடையது. காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான அப்பா சாமர்த்தியமாக ஒரு வழி கண்டுபிடித்தார்.

“அந்த ஊர்ப் பாசையில ஹோட்டல்காரங்ககிட்டப் பேசிக் காட்டு அம்மிணி. அப்பறம் போலாம்.”

போக வேண்டாம் என்று அர்த்தம். எட்டு வயதில் எனக்கே அது புரிந்தது.

போனுக்கு சிக்னல், காபி காயப்போடும் களத்தின் ஒரு மூலையில்தான் கிடைக்கும். கொட்டையைக் கிளறியபடியே அத்தை அங்கே போனில் துருக்கி மொழிப் பாடம் கேட்டாள். எதிரே நின்று பேச ஆள் வேண்டுமென்று என் சடையைப் பிடித்து என்னையும் இழுத்துக்கொண்டாள். இங்கிலீஷில் ‘ஐ கோ ஹோம்’ என்று போவது முன்னாலும் வீடு பின்னாலும் வந்து என்னைப் பாடாய்ப்படுத்திய காலம் அது. இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று பயந்தேன்.

“பென் எவே கிதியோரும்” என்றது போன். பென் என்றால் நான். எவ் என்றால் வீடு, எவே வீட்டுக்கு. கிதியோரும், போகிறேன். அத்தை கிளறுவதை நிறுத்திவிட்டாள்.

“நான், ஊட்டுக்கு, போறேன். ஏங்கண்ணு, நம்ம பேச்சாட்டமே வருதே!”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. எவ்வோடு ‘தே’ சேர்ந்தால் வீட்டில். ‘தென்’ சேர்ந்தால் வீட்டிலிருந்து. ஒட்ட ஒட்டச் சொல் வளர்ந்தது. வினை கடைசியில் வந்து உட்கார்ந்தது. நாங்கள் பார்த்தே இராத மனிதர்கள், கடலுக்கு அப்பால், எங்களைப் போலவே வார்த்தைகளை அடுக்கிப் பேசுகிறார்கள்! அந்த ஆச்சரியம் தாங்காமல் எதிர்மலையைப் பார்த்து “எவ்” என்று கத்தினேன்.

ஹோட்டல்காரர்கள் வீடியோவில் கூப்பிட்டபோது அத்தை அதே மூலையில் நின்று பதில் சொன்னாள். தடுமாறிய இடத்தில் நான் வாயசைத்துக் கொடுத்தேன். வேலை கிடைத்துவிட்டது. அப்பா மட்டும் காபிக்கொட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும் நாளில், ஜீப்பில் ஏறப்போன அத்தையிடம் நானாகவே கட்டிய முதல் வாக்கியத்தைச் சொன்னேன்.

“சென் எவ்தென் கிதியோர்சுன்.”

நீ வீட்டிலிருந்து போகிறாய். மெச்சுவாள் என்று நிமிர்ந்து நின்றேன். அத்தையோ என்னைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

ஜீப் வளைவில் மறைந்த பிறகு களத்து மூலைக்குப் போய் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ‘சென்’ முதலில் இருந்தது. ‘தென்’ வீட்டோடு சரியாக ஒட்டியிருந்தது. வினையும் கடைசியில்தான் வந்தது. எங்கே தப்பு செய்தேன் என்றுதான் எனக்குப் பிடிபடவேயில்லை.