சீலிங்குக்கு அரை நாள்

பெயிண்ட் அடிக்க ஆள் கூப்பிடும் வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: மொத்தமாக எவ்வளவு ஆகும்? சுவரில் எத்தனை விரிசல், போன தடவை அடித்தது என்ன பெயிண்ட், அலமாரிக்குப் பின்னால் ஈரம் இருக்கிறதா, இதைப் பற்றியெல்லாம் அவர்களுக்குக் கவலை கிடையாது. வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு தொகை காதில் விழ வேண்டும். அதுவும் பக்கத்து வீட்டில் கொடுத்ததைவிடக் குறைவாக விழ வேண்டும்.

அந்தத் தொகையைச் சொல்வதில் மேஸ்திரி கெட்டிக்காரர். டேப் பிடித்து அளக்கமாட்டார். ஒவ்வொரு அறையிலும் ஒரு சுற்று நடப்பார், சுவரைத் தடவி உள்ளங்கையில் மாவு ஒட்டுகிறதா என்று பார்ப்பார், பிறகு கூடத்தில் நின்று கண்ணை மூடிக்கொள்வார். உதடு மட்டும் அசையும். கண்ணைத் திறந்ததும் தொகையைச் சொல்லிவிடுவார். போன வருடம்வரை, இருபத்தைந்து வருடத்தில் அப்படிச் சொன்ன தொகை ஒரு வீட்டிலும் கையைக் கடித்ததில்லை.

போன வருடம் சாரத்தின் பலகை சறுக்கிக் கீழே விழுந்தார். உயிர் பிழைத்தது, வலது முழங்கால்தான் மடங்காமல் போய்விட்டது. அதுவரை மூன்று பேரும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். சீலிங் அவருக்கு, சுவர் மச்சானுக்கு, கதவும் ஜன்னலும் மனைவிக்கு. தலைக்கு மேலே ரோலர் ஓட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார், சட்டையில் ஒரு பொட்டு சிந்தாது. இப்போது விலை பேசுவதும் கடையில் நின்று கலர் கலப்பதும்தான் அவர் வேலை. மற்றதெல்லாம் மனைவி தலையிலும் மச்சான் தலையிலும்.

எழுந்து நடமாடி மறுபடி வேலை பிடிக்க ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. பிடித்த வீடெல்லாம் இழுத்தது. ஐந்து நாள் என்று பேசிய வீடு ஒன்பது நாள் போனது. பேசியதோ மொத்தத் தொகை. இழுத்த நாளுக்கு எந்தப் புண்ணியவான் கூலி தருவான்? கடைசியில் கையில் நின்றது டீச் செலவுக்குத்தான் காணும்.

பழி முழுக்க மச்சான்மேல் விழுந்தது. “உன் தம்பி பிரஷ்ஷைப் பிடிச்சுக்கிட்டே தூங்குறான்” என்று மேஸ்திரி மனைவியிடம் எரிந்து விழுவார். அவளும் நம்பினாள். நாற்பது வயது ஆளை, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பனை, சின்னப் பையனை விரட்டுவதுபோல விரட்டினாள். அவன் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

“அக்கா, இன்னும் ஒரு வீடு பார்ப்பேன். அதுவும் இப்படியே போச்சுன்னா நான் வேற மேஸ்திரிகிட்ட போயிடுறேன். மாமாகிட்ட நீயே சொல்லிடு.”

அவன் சும்மா மிரட்டுகிறவன் இல்லை. அவன் போய்விட்டால் ஏணியில் ஏற ஆள் கிடையாது. பிறகு தொழிலை மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான்.

அடுத்த வீட்டுக்கு விலை பேசப் போனபோது, நானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். கூடத்தில் அவர் கண்ணை மூடியதும் ஒட்டிப்போய் நின்றாள். வாய்க்குள்ளேயே ஓடும் அந்தக் கணக்கு இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் அவள் காதில் விழுந்தது.

“சுவருக்குப் பட்டி பார்க்க ரெண்டு நாள்... சுவரு அவன், மூணு நாள்... கதவு ஜன்னல் இவ... சீலிங் நான், ரூமுக்கு அரை நாள்...”

கண்ணைத் திறந்து வழக்கம்போலக் கணீரென்று தொகையைச் சொன்னார். அந்த வீட்டுக்காரர், யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. கீழே விழுந்த மனுஷன் கணக்கில் இன்னும் பலகைமேலேயே நிற்கிறார். தம்பி சுவர் அடிக்கும்போதே பக்கத்தில் இவர் சீலிங் முடித்துவிடுவார் என்று எட்டு மாதமாகத் தொகை சொல்லியிருக்கிறார். தம்பியைத் திட்டியதை நினைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

எப்படிச் சொல்வது? ‘கணக்கிலிருந்து இறங்குங்க’ என்று புருஷனிடம் எந்த வாயால் சொல்வது? இரண்டு நாள் மென்று விழுங்கினாள். மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் அவர் ரோலர் அலசும்போது கேட்டுவிட்டாள்.

“ஏங்க, உங்க கணக்குல சீலிங் யாரு போடுறாங்க?”

“இது என்ன கேள்வி? உன் தம்பிதான்.”

“அரை நாள்ல ஒரு ரூமா?”

“போடணும். நான் போட்டேன்ல?”

“நீங்க போட்டீங்க. அவனுக்கு ஒரு நாள் முழுசா ஆகுது. அதுவும் சுவரை விட்டுட்டுப் போய்ப் போடணும். அவன் தூங்கலங்க. ஒரு ஆளுதான் குறையுது.”

அவர் அலசிய ரோலரையே திரும்பத் திரும்ப அலசினார். வெள்ளைத் தண்ணீர் எப்போதோ தெளிந்துவிட்டது, குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்கப்புறம் நான்கு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாடு, தண்ணீர், சாவி, அவ்வளவுதான் பேச்சு. கோபமா, மானக்கேடா, அவளுக்குப் பிடிபடவில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்றும் தோன்றியது.

ஐந்தாம் நாள் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள், மூன்று பேரும் போனார்கள். கூடம், இரண்டு அறை, சமையலறை. வீட்டுக்கார அம்மாள் பின்னாலேயே வந்தார். மேஸ்திரி தடவிப் பார்த்தார், கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை. உதடு பாதியில் நின்றது, மறுபடி முதலிலிருந்து அசைந்தது. வாசற்படியருகே நின்றிருந்த தம்பி, அக்காவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

“ஒன்பது நாள் ஆகுங்க” என்றார் மேஸ்திரி. தொகையையும் சொன்னார்.

அம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “என்னங்க இது? இதே மாதிரி வீட்டுக்கு அஞ்சு நாள்னு பேசினீங்களாமே? அதை நம்பித்தானே கூப்பிட்டேன்!”

“பேசினேம்மா. அப்போ என்னையும் ஒரு ஆளாச் சேர்த்துச் சொல்லிட்டேன்.” வலது முழங்காலைத் தட்டிக் காட்டினார். “இப்போ நான் மேல ஏறுறதில்ல. இனிமே ஏறவும் முடியாது. சீலிங்கும் என் மச்சான்தான் போடணும். நல்லா போடுவான், ரூமுக்கு ஒரு நாள் எடுத்துப்பான். வேலை செய்யறது இவங்க ரெண்டு பேருதான்.”

எட்டு மாத நஷ்டத்துக்கும் மருந்தாக அவள் கேட்கக் காத்திருந்த பேச்சு இதுதான். காதில் விழுந்ததும், ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தலாம் போலிருந்தது.

அம்மாள் அவருடைய காலைப் பார்த்தார், சீலிங்கைப் பார்த்தார். கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தார். மேஸ்திரி தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

“சரி, ஒன்பது நாள்ல முடிச்சுடணும். எப்போ ஆரம்பிக்கிறீங்க?”

மேஸ்திரி மனைவி பக்கம் திரும்பினார். நான்கு நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

“வேலை செய்யப்போறது நீங்க ரெண்டு பேருதான். நீயே சொல்லு.”

அவள் தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மாளிடம், “திங்கக்கிழமை வந்துடுறோம்மா” என்றாள்.