ரசம் வராத பந்தி

எங்கள் ஊர்க் கல்யாணச் சாப்பாடு பாயசத்தோடு முடிவதில்லை. அடைப்பிரதமன் பாயசத்தில் பப்படத்தை நொறுக்கி, மட்டி வாழைப்பழத்தைப் பிசைந்து சாப்பிட்டு முடித்ததும் மறுபடி சோறு விழும். ரசமும் மோரும் வரும். மதுரைக்காரர்களுக்கு இது எங்கே தெரியும்? சுசீந்திரம் பக்கம் ஒரு கல்யாணத்தில் மதுரையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் மொத்தப் பேரும், பாயசம் முடிந்து ரசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார்கள். பதினெட்டு வருடமாக நடந்த எங்கள் கூட்டுத் தொழில் அன்றைக்கு உடைந்தது.

சமையல் என் பொறுப்பு. பந்தியும் பரிமாறும் ஆட்களும் என் கூட்டாளியின் பொறுப்பு. என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்பதால் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பெண்ணின் அப்பா எங்களைப் பிடித்துக்கொண்டார்.

"சம்மந்தக்காரங்கள அரைவயிறோட எழுப்பி விட்டுட்டியளே!"

"பந்தியப் பாக்கது அவருதான்" என்று கூட்டாளியைக் கைகாட்டினேன், அத்தனை பேர் முன்னால். அவர் மூடிய இலைகளை எடுக்கப் போய்விட்டார். மறுவாரம், இனி தனித்தனியாகச் செய்யலாம் என்றார். போனால் போகட்டும் என்று நானும் தலையாட்டினேன். ஆனால் கம்பெனிப் பெயர் யாருக்கு? அந்தப் பெயரைக் கேட்டுத்தான் முகூர்த்தங்கள் தேடி வந்தன. அது கைவிட்டுப் போனால் ஐம்பத்திரண்டு வயதில் நான் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வழக்குப் போட்டேன்.

நாகர்கோவில் கோர்ட்டில் எங்களைச் சமரச மையத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கடுப்பான கடுப்பு. தப்பு யார்மேல் என்று சொல்லத்தானே கோர்ட்? அங்கே இருந்த வக்கீலம்மா தீர்ப்பெல்லாம் சொல்ல மாட்டாராம். நாங்களே பேசி முடிக்க உதவி செய்வாராம். முதல் ஒரு மணி நேரம் நான்தான் பொரிந்து தள்ளினேன். கூட்டாளி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அந்த அமைதி என்னை இன்னும் கிளப்பிவிட்டது.

பிறகு ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவதாகச் சொல்லி, வக்கீலம்மா அவரை வெளியே உட்காரச் சொன்னார்.

"இங்க நீங்க சொல்றதை, நீங்க சரின்னு சொல்லாம அவர்கிட்ட சொல்ல மாட்டேன் சார். ரசம் அன்னைக்கு தயாரா இருந்துச்சா?"

"இருந்தது."

"அப்ப ஏன் பந்திக்கு வரல?"

எட்டு மாதத்தில் இதை ஒருவர்கூட என்னிடம் கேட்டிருக்கவில்லை. நான் கோரி ஊற்றினால்தான் ரச வாளி நகரும். என்னைக் கேட்காமல் யாரும் அதைத் தொடக்கூடாது என்பது நானே போட்ட சட்டம். அன்றைக்குப் பிரதமன் அப்படி அமைந்திருந்தது. மதுரைக்காரர்களின் முகத்தைப் பார்க்கும் ஆசையில் பந்தி வாசலில் போய் நின்றேன். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ரசம் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. எல்லாவற்றையும் அந்த அம்மாவிடம் கொட்டிவிட்டேன்.

"இதை அவர்கிட்ட சொல்லலாமா?"

"வேண்டாம்மா." சொன்னால் கம்பெனிப் பெயர் அவருக்குப் போய்விடும் என்று எனக்குப் பயம்.

"சரி. சொல்லல."

வற்புறுத்தியிருந்தால் மல்லுக்கு நின்றிருப்பேன். அவ்வளவு சுலபமாகச் சரி என்றதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெட்கமாக இருந்தது. எழுந்துபோய் நானே கதவைத் திறந்தேன். கூட்டாளி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, ரசம் நான்தான் அனுப்பல. பாயசம் குடிக்கவங்க வாயப் பாத்துட்டு நின்னுட்டேன்."

"தெரியும்லா மக்கா" என்றார். "எதிர்ப்பக்கம் நின்னு ஒன்னயத்தான் பாத்துட்டிருந்தேன். மூஞ்சியில அப்பிடி ஒரு சிரிப்பு. கூப்பிட மனசு வரல்ல டே."

பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "பொறவு அத ஏன் கோர்ட்டுல சொல்லல?"

"கோர்ட்டுல சொல்லுக விஷயமா டே அது?"

வக்கீலம்மா கதவருகே வந்து, ஒப்பந்தத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டார்.

"பேரு ரெண்டு பேருக்கும்தான், பழையபடியே" என்றார் கூட்டாளி. "பந்தி முடியது வர இவன் அடுப்படிய விட்டு வெளிய வரப்பிடாதுன்னும் எழுதுங்க." ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். "இல்லம்மா, அத எழுதாதீங்க. பாயசத்துக்கு வந்து நிக்கட்டும். ரசத்த நான் பாத்துக்கிடுகேன்."